மைதானத்தில் முதல் கால்பந்து ஆட்டம்: எங்கே சறுக்குகிறார்கள்?

டிவியில் வருடக்கணக்காகக் கால்பந்து பார்த்தவர்கள்கூட முதல் தடவை மைதானத்துக்குப் போனால் பாதி ஆட்டத்தைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். டிவி பழக்கத்தோடு அங்கே போய் உட்காருவதுதான் காரணம்.

டிக்கெட்டில் தொடங்குவோம். முதல் வரிசை என்றதும் பாய்ந்து வாங்கிவிடுவார்கள். அவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் நடப்பதெல்லாம் ஒரே கால்களின் கூட்டம், பந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுகூடப் பிடிபடாது. வீரர்களின் முகமும் அவர்கள் ஒருவரையொருவர் கத்தும் சத்தமும் போதும் என்றால் சரி, வாங்குங்கள். ஆட்டம் புரியவேண்டும் என்றால் நடுக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று குழந்தைகளோடு போவது இன்னொரு தவறு. பெரும்பாலும் அங்கேதான் தீவிர ரசிகர்கள் இருப்பார்கள், 90 நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள், அவர்களை உட்காரச் சொல்லிப் பயனில்லை. வெளியூர் அணியின் ரசிகர் என்றால் அந்த அணிக்கு ஒதுக்கிய பகுதியில்தான் டிக்கெட் எடுக்கவேண்டும். உள்ளூர் ரசிகர்கள் நடுவில் அந்த ஜெர்சியோடு உட்கார்ந்து கோலுக்குத் துள்ளிக் குதித்தால் காவலர்கள் வெளியே அனுப்பிவிடக்கூடும், அவர்கள் வருவதற்குள் அடி விழாமல் இருந்தால் பாக்கியம்.

மொபைல் டிக்கெட்டை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், வாசலில் கூட்டம் சேர்ந்தால் நெட்வொர்க் படுத்துவிடும். பை கொண்டுபோவதானால் அளவு விதியையும் பாருங்கள். பல மைதானங்களில் ஏ4 தாளைவிடப் பெரிய பைக்கு அனுமதி இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பந்தை மட்டும் பார்க்காதீர்கள். கேமரா காட்டாத எல்லாமே இப்போது உங்கள் கண்முன் இருக்கிறது: பந்து ஒரு மூலையில் இருக்கும்போது தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஒன்றாக முன்னேறுவது, முன்கள வீரர் ஒரு பக்கம் ஓடுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபக்கம் நழுவுவது. மைதானத்துக்குப் போவதே இதற்காகத்தான் என்பேன். ஆனால் ரீப்ளேவையும் வர்ணனையையும் எதிர்பார்க்காதீர்கள், போனைத் தடவிக்கொண்டிருந்தால் கோல் போய்விடும். வார் (வீடியோவைப் பார்த்து முடிவைச் சரிபார்க்கும் நடுவர் முறை) இருக்கும் ஆட்டங்களில் ஆஃப்சைடு (தாக்கும் வீரர் விதியை மீறி முன்னால் நிற்பது) சந்தேகம் இருந்தால் துணை நடுவர் அந்தத் தாக்குதல் முடிந்த பிறகுதான் கொடியைத் தூக்குவார், அதனால் கோல் விழுந்ததும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்துங்கள் (யாரும் அப்படிச் செய்வதில்லை, அது வேறு விஷயம்).

கூட்டத்துக்குப் பயந்து முன்கூட்டியே கிளம்புவது மகா தவறு. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், பார்சிலோனா கேம்ப் நோ மைதானம். பயர்ன் மியூனிக் 1-0 முன்னிலை. கோப்பையைக் கொடுப்பதற்காக ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் தலைவர் லென்னார்ட் யோஹான்சன் லிஃப்டில் கீழே இறங்கி வருவதற்குள் கூடுதல் நிமிடங்களில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டது, அவர் இரண்டையும் பார்க்கவில்லை. 90 நிமிடம் முடியும்போது பலகையில் காட்டும் கூடுதல் நேரம் குறைந்தபட்சம்தான், அதற்கு மேலும் போகலாம். விசில் ஊதிய பிறகு கூட்டம் வடியும்வரை இருக்கையிலேயே இருங்கள். நாக்அவுட் (தோற்ற அணி வெளியேறும்) ஆட்டம் சமநிலையில் முடிந்தால் 30 நிமிடக் கூடுதல் ஆட்டம், அப்புறம் பெனால்டி என்று இழுக்கலாம், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவைத்துக்கொண்டு போங்கள்.