சிறுநீரை அடக்க முடியாதவர் ஊருக்குப் போகும்போது

புரோஸ்டேட் சுரப்பியை அறுவை செய்து எடுத்துவிட்ட பிறகு பலருக்குச் சில மாதங்கள் வரை சிறுநீர் கசியும். சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். இருமினாலும், பெட்டியைத் தூக்கினாலும், தரையிலிருந்து எழுந்தாலும் கசிகிறது. நான் வாழும் இங்கிலாந்திலேயே ஆண்கள் கழிப்பறைகளில் குப்பைத்தொட்டி வைக்கவேண்டும் என்று புரோஸ்டேட் கேன்சர் யூகே அமைப்பு இயக்கம் நடத்தவேண்டிய நிலைதான் இருக்கிறது என்றாலும், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைத் தேடிப்பிடித்து நான் ஒருவாறு சமாளித்துவந்தேன். மூன்று வாரம் தென்காசிப் பக்கத்திலுள்ள என் சொந்த ஊரான செங்கோட்டைக்குப் போய்வந்த பயணத்தில் அந்தச் சாமர்த்தியம் எதுவும் உதவவில்லை. என்னைப் போன்றவர்கள் இதைப் பற்றி மனைவியிடம்கூட அரைகுறையாகத்தான் பேசுகிறோம் என்பதால், பட்டு அறிந்ததை எழுதி வைக்கிறேன்.

எதை இங்கிருந்து எடுத்துப்போவது, எதை அங்கே வாங்குவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான டயப்பர் இன்று தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் மெடிக்கலில்கூடக் கிடைக்கிறது. ஃபிரண்ட்ஸ், லைஃப்ரீ என்று பெயர் சொல்லிக் கேட்டால் ‘பேண்ட் டைப்பா, ஒட்டுற டைப்பா’ என்று கடைக்காரர் சாதாரணமாகத் திருப்பிக் கேட்பார். அதைப் பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. ஆண்கள் உள்ளாடைக்குள் ஒட்டிக்கொள்ளும் சிறிய பேடுகள்தான் அந்தக் கடைகளில் நான் தேடியபோது கிடைக்கவில்லை. அவற்றையும், மணம் வெளியே வராத கறுப்புப் பைகளையும் இங்கிருந்து தாராளமாக எடுத்துப்போங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும், கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் தடைசெய்திருக்கின்றன. கடையில் ஒரு கவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற நம் பழைய பழக்கம் செல்லாது. துணிப்பையில் ஈர டயப்பரைச் சுமந்துகொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் நான் அலைந்தது இது தெரியாமல்தான்.

இரண்டு வகை டயப்பரில் எது வசதி என்பது கழிப்பறையைப் பொறுத்தது. இங்கே எல்லாரும் விரும்புவது பேண்ட் வகை. பழையதைப் பக்கவாட்டில் கிழித்து எடுத்துவிடலாம். ஆனால் புதியதை மாட்டச் செருப்பையும் கால்சட்டையையும் முழுவதுமாகக் கழற்றவேண்டும். தரையெல்லாம் தண்ணீராக இருக்கும் குந்தும் கழிப்பறையில், கொக்கி இல்லாத கதவுக்குப் பின்னால், ஒற்றைக் காலில் நின்று அதைச் செய்வது அறுபது வயதுக்காரனுக்கு ஆபத்து. கால்சட்டை போட்டிருந்தால் அதை முழங்கால் வரை இறக்கி, நின்றபடியே இரு காலுக்கும் இடையில் கொடுத்து ஒட்டிக்கொள்ளும் வகைதான் வெளியிடங்களுக்குத் தகுந்தது. வீட்டுக் குளியலறையில் இரண்டு நாள் பழகிவிட்டுப் புறப்படுங்கள். தோளில் குறுக்காக மாட்டும் பை ஒன்றும், கதவின் மேல்விளிம்பில் தொங்கவிட ஓர் எஸ் வடிவக் கொக்கியும் இருந்தால் கை இரண்டும் விடுபடும்.

இவை எல்லாவற்றையும்விட நல்லது வேட்டி. இதை நான் ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. நாலு முழம் ஒற்றையாக நிற்பதால் உள்ளே இருப்பதன் வடிவத்தையும் ஈரத்தையும் காட்டிவிடும். எட்டு முழம் இரட்டையாக மடிந்து நிற்பதால் இரண்டையும் மறைக்கும். மடித்துக் கட்டிக்கொண்டால் எதையும் தரையில் படவிடாமல் டயப்பரை மாற்றிவிடலாம். கேரளக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியுடன்தான் உள்ளே போகவேண்டும் என்பதால், இடுப்புக்கு மேலே தெரியும் டயப்பர் விளிம்பைப் பற்றி நான் மிகவும் அஞ்சியிருந்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வது சாமிக்குச் செய்யும் மரியாதை. ஆரியங்காவு சாஸ்தா சன்னதியில் என்னைச் சுற்றி நின்ற முதியவர்களில் பலர் அப்படித்தான் நின்றார்கள், அவர்களுக்கு நடுவில் என் துண்டை யார் கவனிக்கப்போகிறார்கள்? இந்த நிலையில் கோயிலுக்குள் போகலாமா என்ற கேள்வி எனக்கும் வந்தது. உடம்பு முடியாதவர்களைச் சாமி வாசலில் நிறுத்திவைக்கும் என்று நான் நம்பவில்லை.

திருவனந்தபுரத்தில் விமானம் இறங்குபவர்கள் நெடுமங்காடு, பாலோடு, குளத்தூப்புழை, தென்மலை வழியாக மலையேறித் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள புளியரையில் இறங்குவார்கள். வளைவுகளில் உடம்பு ஒருபக்கமாகச் சாயும்போதெல்லாம் வயிறு அழுந்திக் கசிவு கூடும் என்பதால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, உட்காரும் கழிப்பறையும் தொட்டியும் இருக்கும் அந்த இடத்திலேயே புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் சாலையோரங்களில் ‘டேக் எ பிரேக்’ என்ற பெயரில் கழிப்பறைகள் கட்டியிருக்கின்றன. நான் நுழைந்த ஒன்று துப்புரவாகவே இருந்தது. ‘சௌசாலயம்’, ‘மூத்ரப்புர’ என்ற மலையாளப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தாத்தா. செங்கோட்டை திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்த ஊராகத்தான் இருந்தது. அவர் தலைமுறை இரண்டு மொழியிலும் கணக்கெழுதியது.

பயன்படுத்திய டயப்பரைக் காட்டு வழியில் எறியாதீர்கள். ரயிலில் போனால் கழிவறைக் குழிக்குள் தள்ளாதீர்கள்; இப்போதுள்ள பயோ டாய்லெட்டுகள் அடைத்துக்கொண்டு, அடுத்து வருபவர்கள் அத்தனை பேருக்கும் பயன்படாமல் போகும். டயப்பரைத் தனியாகப் பொதிந்து குப்பைத்தொட்டியில்தான் போடவேண்டும். எல்லையைக் கடப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டதும், பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி கேரளம் அவற்றை லாரிகளில் திரும்ப ஏற்றிச்சென்றதும் அந்தப் பக்கத்து மக்கள் யாருக்கும் மறக்கவில்லை. எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னால், கறுப்புப் பையில் என்ன இருக்கிறது என்று ஓட்டுநர் பதில் சொல்லவேண்டிவரும். சேர்ந்ததைக் கேரளத் தொட்டி ஒன்றிலேயே போட்டுவிட்டு மலையேறுங்கள்.

ஊருக்குள் எனக்குப் பயன்பட்டவை தனியார் மருத்துவமனைகளும் பெரிய ஜவுளிக்கடைகளும். மருத்துவமனை மருந்தகத்தில் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டு, ‘மாற்றிக்கொள்ள வேண்டும்’ என்று அங்கேயே சொன்னால் வழிகாட்டுவார்கள். அவர்களுக்கு இது அன்றாட வேலை. கசியும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பை எரிச்சல்பட்டு இன்னும் அவசரப்படுத்தும். குறைக்கவேண்டியது காப்பியும் தேநீரும்தான். போகிற வீட்டிலெல்லாம் அதைத்தான் நீட்டுவார்கள், ‘வெந்நீர் போதும்’ என்று முந்திக்கொள்ளுங்கள். பந்தியில் தரையில் உட்கார நேர்ந்தால், எழுவதற்கு முன், சிறுநீரை அடக்கும்போது இறுக்கும் இடுப்படித் தசையை இறுக்கிக்கொண்டு எழுங்கள்.

இனிப் பத்திரப்பதிவு. அப்பா கட்டிய வீட்டில் என் பங்கைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடத்தான் நான் போனேன். லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பியிருக்கலாம். இந்தியா வந்துசேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டினால் அது செல்லும். மாப்பிள்ளைக்கு அதில் நம்பிக்கையில்லை. பின்னால் வில்லங்கம் வரும், மச்சான் நேரில் வந்து கைரேகை வைத்தால்தான் சரி என்று நின்றுவிட்டார். முப்பது ஆண்டுகளாக ஊரில் இல்லாதவன் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை.

காலை 11 மணிக்கு டோக்கன். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த பழைய கட்டடம், வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதைச் சுற்றி நாற்பது பேர். கணினி இணைப்பு வருவதும் போவதுமாக இருந்ததால் டோக்கன் நேரத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று. பெயரைக் கூப்பிடும்போது இல்லையென்றால் வரிசை போய்விடும் என்று பத்திர எழுத்தர் எச்சரித்திருந்ததால், எங்கும் நகரவும் முடியவில்லை. ஒரு மணியளவில் டயப்பர் கனத்துவிட்டது. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கழிப்பறை பூட்டிக்கிடந்தது. சாவி கேட்டேன். அது அலுவலர்களுக்கு உரியது, வெளியாட்களுக்கு இல்லை என்றார் அங்கிருந்தவர். தாழ்ந்த குரலில் எனக்கு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது என்றேன். அவர் உரத்த குரலில், ‘என்ன ஆபரேசன்?’ என்று கேட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்றரை மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்தேன். வேட்டியின் பின்பக்கம் நனைந்திருந்ததை எனக்கு முன்பே பார்த்துவிட்டவள் தங்கை. தன் பையிலிருந்து ஒரு காவித் துண்டை எடுத்து, ‘அண்ணே, இதை இடுப்புல கட்டிக்கோ’ என்று மட்டும் சொல்லி, எனக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நடந்துவந்தாள். கட்டைவிரலை வைத்து, புகைப்படத்துக்குப் பார்த்து, கையெழுத்திட்டு வெளியே வரும்வரை அவள் அந்த இடத்தை விட்டு விலகவில்லை.

அதன் பிறகுதான் பத்திர எழுத்தர் சொன்னார்: 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி, உடல்நலிவால் ஆபத்தோ பெருத்த இடையூறோ இல்லாமல் அலுவலகத்துக்கு வர முடியாதவர் நேரில் வரவேண்டியதில்லை, பதிவு அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிக்கலாம், அல்லது ஆணையர் ஒருவரை அனுப்பலாம். 31ஆவது பிரிவும் தக்க காரணம் இருந்தால் வீட்டிலேயே பதிவுசெய்ய இடம்தருகிறது. மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே மனுக் கொடுக்கவேண்டும், தனிக் கட்டணம் உண்டு. உங்கள் வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர் யாராவது கையெழுத்திடவேண்டியிருந்தால் இதைக் கேட்காமல் ஆட்டோ பிடிக்காதீர்கள். நாங்கள் பிடித்தோம். பக்கவாதத்தில் ஒருபக்கம் விழுந்திருந்த அம்மாவை, வயலை விற்று என் பங்கை எனக்கு அனுப்புவதற்காக, 2021இல் இதே பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. ‘ஒரு நாள்தானே’ என்று தொலைபேசியில் சொன்னவன் நான். அன்று அம்மாவுக்கும் அந்தக் கழிப்பறை பூட்டித்தான் இருந்தது என்று திரும்பும் வழியில் தங்கை சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னாள்.

ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒருவரிடமாவது முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதுவரை பத்து நாளாக, பயன்படுத்தியதைப் பெட்டிக்குள் பூட்டிவைத்து, விடியுமுன் எழுந்து தெருக்கோடித் தொட்டிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். குப்பை எடுக்க வரும் பெண்ணிடம் தனியாகப் பொதிந்து, சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும் என்பது தங்கைக்குத் தெரிந்திருந்தது; அம்மா இருந்த கடைசி இரண்டு ஆண்டும் அவள் அப்படித்தான் செய்திருக்கிறாள். நான் அந்த இரண்டு ஆண்டும் பணம் அனுப்பினேன்.

மறுநாள் காலை குளியலறையில் மூடிபோட்ட ஒரு வாளி இருந்தது. அதன்மேல் செய்தித்தாள்களைச் சதுரமாக மடித்து அடுக்கியிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்ததும் பரணிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கி, ‘அம்மாவுக்கு வாங்கினதுண்ணே, அளவு சரியா இருக்குமான்னு பாரு’ என்றாள். பத்தில் நான்கு மிச்சமிருந்தன. அளவு மீடியம், எனக்கு லார்ஜ் வேண்டும். திரும்பும் நாளில் அதில் ஒன்றைப் பிரித்து, காரின் பின்னிருக்கையில் விரித்து, மேலே அந்தக் காவித் துண்டைப் போட்டு உட்கார்ந்தேன். இருக்கை நனைந்துவிடுமோ என்ற பயம் இல்லாமல் திருவனந்தபுரம் வரை போய்ச்சேர்ந்தேன்.