காலையில் திறக்கும் ஆய்விதழ் மதியம் பூட்டிக்கொண்டது: என் அனுபவம்

எங்கள் ஆய்வு நூலகத்தில் தனியாகச் சந்தா கட்டப் பணமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய, மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் வரும் இதழ்களை நம்பித்தான் ஓடுகிறது. அந்த இதழ்களே காலையில் முழுதாகத் திறக்கும். மதியம் அதே கட்டுரைக்கு டாலரில் விலை கேட்கும்.

பிரவுசரை மாற்றினோம், குக்கீ அழித்தோம். பதிப்பகத்துக்கு எழுதினால், ‘உங்கள் ஐபி பட்டியலில் இருக்கிறதே’ என்று பதில். (ஐபி என்பது இணைய இணைப்பின் எண்; அதை வைத்துத்தான் பதிப்பகம் எங்களை அடையாளம் காணும்.) அதுவும் உண்மைதான்.

துப்பு கிடைத்தது பக்கத்தின் மேல் மூலையில். கட்டுரை திறக்கும்போது அங்கே எங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கும், பூட்டியிருந்தால் இருக்காது. இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் ‘என் ஐபி என்ன’ என்று பார்த்தேன். வெவ்வேறு எண்கள்! செலவைக் குறைக்க ஒரு மலிவு பிராட்பேண்டையும் ரவுட்டரில் சேர்த்திருந்தார்கள். நெரிசல் கூடும் மதியத்தில் பாதிப் பேர் அந்த வழியாகப் போனார்கள். அந்த ஐபி எந்தப் பதிப்பகத்திடமும் பதிவாகவில்லை.

பதிப்பகத் தளங்களை மட்டும் பதிவான ஐபி உள்ள பழைய லைனில் அனுப்பப் பார்த்தோம். அவற்றின் முகவரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் சரிவரவில்லை. அப்புறம் ரவுட்டரில் ஒரே விதி: ஆய்வறைக் கணினிகள் எப்போதும் பதிவான நிலையான ஐபி லைனில்; மற்றவை மலிவு லைனில். காசு செலவில்லை. வைஃபையில் வரும் மாணவர்களை, நிறுவனம் தரும் பயனர்பெயர், கடவுச்சொல்லோடு நுழையும் இன்ஃபெட் (INFED) லாகினுக்கு மாற்றிவிட்டோம்; அதற்கு ஐபி எதுவானாலும் சரி.