நிலத்தடித் தளத்துக்குக் குழி: ஹிட்டாச்சி வரும் முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

வீட்டுக்கு நிலத்தடித் தளம் போட ஹிட்டாச்சி (மண் தோண்டும் பெரிய இயந்திரம்) வைத்துக் குழி எடுப்பது இரண்டு மூன்று நாள் வேலை. அந்தக் குழி திறந்து கிடப்பதோ ஒன்றரை, இரண்டு மாதம். கரை சரிவதும், பக்கத்து வீட்டுச் சுவர் வெடிப்பதும், அடிமண் சேறாவதும் பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தில்தான். ஆகவே முதல் தவறு, ராஃப்ட் (குழியின் அடி முழுவதும் போடும் கம்பிக் கான்கிரீட் அடித்தளம்) டிராயிங் கைக்கு வராமல், கம்பி வாங்கி வளைத்து வைக்காமல், "வண்டி இப்போது சும்மாதான் நிற்கிறது, வரச் சொல்லட்டுமா?" என்ற பேச்சுக்குத் தலையாட்டுவது.

இன்னொன்று, வார்த்தைக் குழப்பம். நம் மேஸ்திரிகளுக்கு 'பேஸ்மென்ட்' என்றால் தரைக்கு மேலே இரண்டு மூன்று அடி எழுப்பி மண் நிரப்பும் மட்டம். நீங்கள் கேட்பது தரைக்குக் கீழே ஒரு தளம். ஒப்பந்தத்தில் 'சாலை மட்டத்திலிருந்து இத்தனை அடி கீழே' என்று எண்ணில் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னையில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி முதல் ஜூன் வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு நிலத்தடி நீர் உச்சத்தில் இருக்கும். கோடை ஏற ஏறத்தான் இறங்கும். செப்டம்பரில் தோண்டினால் ராஃப்ட் கட்டும்போது ஐப்பசி மழை வந்து நிற்கும். 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையருகே வணிகக் கட்டடத்துக்காகத் தோண்டிய ஆழமான குழியின் கரை சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். வீட்டுக்குழி அவ்வளவு ஆழமில்லைதான். ஆனால் பத்தடிக் கரை சரிந்தாலும் உள்ளே நிற்பவர் மீது விழுவது டன் கணக்கில் மண்.

மண்ணைப் பார்க்காமல் கரையை நேராக வெட்டுவது அடுத்தது. திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் கடற்கரை மணல். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் சில அடியிலேயே பாறை தட்டலாம். நகரத்தின் பெரும்பகுதி களிமண். இதில் ஏமாற்றுவது ஈர மணல். வெட்டிய அன்று சுவர் மாதிரி நிற்கும். மணலுக்குள் இருக்கும் கொஞ்சம் ஈரம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் வெயிலில் காய்ந்தாலும் உதிரும், மழையில் ஊறினாலும் உதிரும். களிமண் வேறு விதம். கரையிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, குழிக்கு இணையாகத் தரையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும். மறுநாள் அதில் விரல் நுழையும். அந்த வெடிப்பைக் கண்டதுமே உள்ளே இருப்பவர்களை ஏற்றிவிட வேண்டும். சிமென்ட் பால் ஊற்றி மூடுவது வைத்தியம் அல்ல. ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் கரையைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையேல் முட்டுக் கொடுக்க வேண்டும்.

இனி மண் கணக்கு. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 30க்கு 40 அடி தளம் என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ரிங் (கான்கிரீட் அச்சுப் பலகை) ஆட்கள் நின்று வேலை செய்யச் சுற்றிலும் இரண்டடி விட்டால் 34க்கு 44. ஆழம் 11 அடி. ஏறக்குறைய 165 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). வெட்டிய மண் உப்பும்; கால் பங்குக்கு மேல் கூடி 210 யூனிட் ஆகிவிடும். மூன்று யூனிட் டிப்பரில் 70 லோடு. பலர் 165ஐ மட்டும் கணக்கிட்டு லாரி பேசுவார்கள். பிறகு லாரி வராத நேரத்தில் வண்டி சும்மா நிற்கும், மீட்டர் ஓடும். சும்மா நிற்கக் கூடாதென்று மண்ணைக் கரையோரமே குவிப்பார்கள். அதுதான் ஆபத்து. குவியலுக்கும் விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஐந்தடி, அல்லது குழி ஆழத்தில் பாதி, எது அதிகமோ அந்த இடைவெளி வேண்டும். ஜல்லி, செங்கல், கம்பிக்கட்டு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மண்ணை வெளியே கொண்டுபோகக் கனிமவளத் துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

எந்த வண்டி? ஜேசிபியின் பின்கை அரைவட்டம்தான் திரும்பும்; ஹிட்டாச்சி முழுவட்டம் சுற்றி லாரியில் கொட்டும். பதினோரடிக் குழிக்கு ஹிட்டாச்சிதான் சரி. ஆனால் அது எப்படி வெளியே வரும் என்பதை முதல் பக்கெட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நாலுக்கு ஒன்று சரிவில் ராம்ப் விட்டால் 11 அடி ஆழத்துக்கு 44 அடி நீளம் போகும், குழியின் நீளமே அவ்வளவுதான். எனவே வண்டி மேலேயே நின்று, மனையின் பின்கோடியிலிருந்து சாலையை நோக்கிப் பின்வாங்கியபடி தோண்ட வேண்டும். கடைசித் துண்டைச் சாலைப் பக்கம் நின்று எடுக்கலாம். அங்கே தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா, கீழே கேபிளும் பாதாளச் சாக்கடை இணைப்பும் எங்கே என்று முதலிலேயே பார்த்து, சந்தேகமான இடத்தைக் கடப்பாரையால் திறந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது. அவர்கள் சம்மதத்தோடு ஓரிடத்தில் சிறு குழி வெட்டிப் பார்க்க வேண்டும். அது நாலடியில் முடிகிறது, நம் குழி பதினோரடி என்றால் வித்தியாசம் ஏழடி. அந்த அஸ்திவாரத்திலிருந்து நம் வெட்டு குறைந்தபட்சம் ஏழடி தள்ளியிருந்தால்தான் அதன் அடியிலிருந்து நம் பக்கம் சரிந்திறங்கும் 45 பாகைக் கோட்டுக்கு, அதாவது அதைத் தாங்கும் மண்ணுக்கு, வெளியே நிற்கிறோம். நம் ஊர் மனைகளில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால், தோண்டும் முன்பே எல்லையோரம் வரிசையாகப் பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) இறக்குவதுதான் வழி. கொஞ்சம்தான் குறைகிறது, மண்ணும் கெட்டி என்றால் நாலடித் துண்டுகளாகக் குறித்து ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, அதில் சுவர் எழுப்பிய பிறகே இடையில் விட்டதைத் தொட வேண்டும். இதில் எது என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும், வண்டி ஓட்டுநர் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டில் ஏற்கனவே இருக்கும் வெடிப்புகளைத் தேதியோடு படம் எடுத்து, அவற்றின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை வைத்துவிட்டால், அது விரிசல் விட்ட நாளே விஷயம் தெரிந்துவிடும்.

அடிமட்டத்துக்கு வருவோம். பக்கெட் பல் இறங்கும் இடத்துக்குக் கீழேயும் மண் அரையடிக்குக் கலைந்துவிடும். ஆகவே கடைசி அரையடியை மண்வெட்டியால் எடுக்க வேண்டும். கை தவறி ஆழமாகிவிட்டால் அதே மண்ணைப் போட்டு மிதித்துச் சமன் செய்யக் கூடாது, 1:4:8 பிசிசி (சிமென்ட், மணல், ஜல்லி அந்த விகிதத்தில் கலந்த, கம்பியில்லாத கான்கிரீட்) போட்டே நிரப்ப வேண்டும். மட்டம் வந்த பகுதிக்கு அன்றைக்கே நாலங்குல பிசிசி. ஒரு ராத்திரி மழையில் களிமண் அடி காலில் ஒட்டும் சேறாகிவிட்டால், அந்தச் சேற்றை முழுதும் வழித்தெடுத்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

தண்ணீர் ஊறினால் குழிக்குள் வெறுமனே மோட்டாரைப் போட்டு இறைக்காதீர்கள். தண்ணீரோடு நுண்மணலும் வரும். வெளியே கலங்கலாக ஓடுவது பக்கத்து அஸ்திவாரத்தின் அடிமண்ணாகவும் இருக்கலாம். ஒரு மூலையில் அடிமட்டத்துக்குக் கீழே இரண்டடி ஆழப் பள்ளம் எடுத்து, துளையிட்ட டிரம்மை இறக்கி, சுற்றிலும் வடிகட்டித் துணியும் ஜல்லியும் போட்டு அதற்குள் பம்பு வையுங்கள். தெளிந்த தண்ணீர் வர வேண்டும். சுத்த மணலில் இது போதாது, சுற்றிலும் வெல்பாயின்ட் (மண்ணுக்குள் இறக்கி நீரை உறிஞ்சும் வடிகட்டிக் குழாய்கள்) தேவைப்படும். கரன்ட் போனால் ஓட ஒரு டீசல் பம்பும் வேண்டும்.

ராஃப்டும் சுவரும் போட்டாயிற்று, இனி பம்பை நிறுத்தி டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். 30க்கு 40 அடி என்பது சுமார் 111 சதுர மீட்டர். ராஃப்ட் அடிக்கு மேலே தண்ணீர் இரண்டு மீட்டர் ஏறினால் மேல்நோக்கிய அழுத்தம் 222 டன். 300 மில்லி ராஃப்ட் 83 டன், சுற்றுச்சுவர் 70 டன் சொச்சம், மேல்தளம் 40 டன் சொச்சம். மூன்றும் சேர்ந்தும் 200ஐத் தொடவில்லை. தளம் படகு மாதிரி எழும்பும், ஒரு பக்கம் சாயும், ராஃப்ட் வெடிக்கும். கட்டடத்தின் மொத்த எடை அந்த அழுத்தத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாகும் வரை பம்பு ஓடட்டும்.