பிரேக் விளக்கு எரிகிறதா? ஆயில் ஊற்றும் முன் இதைப் பாருங்கள்

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கிப் பாருங்கள். விளக்கு அணையவில்லையா? காரை ஓரங்கட்டி, பெடலை மிதியுங்கள். பெடல் தரை வரை இறங்கினாலோ, பஞ்சு மாதிரி அமுங்கினாலோ வண்டியை எடுக்கவே கூடாது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பெடல் கெட்டியாக இருந்தால் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பானெட்டைத் திறங்கள். பெரும்பாலும் டிரைவர் பக்கம், கண்ணாடியை ஒட்டி ஒரு வெளிறிய பிளாஸ்டிக் டப்பா இருக்கும். பிரேக் ஆயில் அதன் 'மின்' (MIN, குறைந்த அளவு), 'மேக்ஸ்' (MAX, அதிக அளவு) கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். மூடியைத் திறக்காமலே வெளியிலிருந்து பார்த்துவிடலாம்.

ஆயில் 'மின்'னுக்குக் கீழே போயிருந்தால் உடனே ஊற்றி விளக்கை அணைத்துவிடாதீர்கள். பிரேக் ஆயில் ஆவியாகிக் குறைவதில்லை. ஒன்று, பிரேக் பேடு தேய்ந்திருக்கும். தேயத் தேய ஆயில், பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள் இறங்கும். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. சக்கரங்களின் உள்பக்கம், பெடலுக்கு மேல்பகுதி, காரின் அடியில் ஓடும் இரும்புக் குழாய்கள் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

நம் பக்கம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது அந்தக் குழாய்களைத்தான். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று உப்புக் காற்றிலேயே ஓடும் வண்டியில், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் உப்பும் மணலும் ஈரமும் தங்கித் துரு ஏறும். விரலால் தேய்த்தால் செம்பொடி மட்டும் வந்தால் மேல்துரு. செதில் செதிலாக உரிந்தாலோ, ஈரம் கசிந்தாலோ குழாயை மாற்றியே ஆக வேண்டும். தனுஷ்கோடி போய் வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? சாவியை அணைத்துவிட்டு, டப்பாவில் இருக்கும் சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்றின் வேலை. மறுபடி சாவியைப் போடும்போது விளக்கு அணைந்தால், பல கார்களில் பழுது டப்பாவுக்குள் ஆயில் அளவைக் காட்டும் மிதவையில் அல்லது சென்சாரில். அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக் அடியிலுள்ள சுவிட்சைப் பாருங்கள். கூடவே மஞ்சள் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிந்தால் மெதுவாக, நேரே மெக்கானிக்கிடம் போங்கள்.

ஊற்றுவதானால் மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஆயில் வகை, அதாவது டாட் (DOT) 3 அல்லது டாட் 4 தான். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. மூடியைச் சுற்றித் துடைத்த பிறகே திறங்கள். சீல் உடைக்காத புட்டியாக வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கலாம். தொடர்ந்து பிரேக் பிடிக்கையில் ஆவிக்குமிழ் உண்டாகி பெடல் தொய்யும். தேன் நிறத்தில் இருந்தது டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். கறுக்காவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும்.