பைசனும் உப்புவெளியும்: புதிதாகப் படமெடுப்பவர்களுக்கு ஒருநாள் சாலைப் பயணம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆன்டிலோப் தீவை அடைந்துவிடலாம். காலையில் அங்கே பைசன்களைப் படமெடுத்துவிட்டு, அன்று மாலையே பான்வில் உப்புச் சமவெளியில் கேமரா முக்காலியை ஊன்றலாம். ஒன்று கரும்பழுப்பு விலங்கு, மற்றொன்று கண்ணைக் கூசவைக்கும் வெண்ணிலம். ஒளியை அளப்பதில் இரண்டும் நேரெதிரானவை என்பதால்தான் புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த வழியைப் பரிந்துரைக்கிறேன்.

நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பைசன் என்று பலர் சொல்லும் காட்டுமாடு வேறு இனம். இங்கே நாம் பார்க்கப்போவது தோளில் பெருந்திமிலும் முகத்தில் தாடியும் கொண்ட அமெரிக்க பைசன். 1893 இல் படகில் கொண்டுவரப்பட்ட 12 விலங்குகளிலிருந்து பெருகிய மந்தை இத்தீவில் மேய்கிறது.

படி 1: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

கன்றுகளைப் படமெடுக்க ஏப்ரல், மே மாதங்கள் ஏற்றவை. பிறந்த கன்றுகள் செம்மஞ்சள் நிறத்தில் தாயின் காலடியில் ஒட்டிக்கொண்டே நடக்கும். ஆனால் அதே காலத்தில் கடிக்கும் சிறு பூச்சிகளும் தீவெங்கும் மொய்க்கும். ஜூலை இறுதியும் ஆகஸ்டும் இணைசேரும் பருவம். அப்போது காளைகள் எளிதில் சீறும். முதல் முறை செல்பவர்களுக்குச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே நல்லவை என்பது என் கருத்து.

படி 2: காரையே மறைவிடமாக்குதல்

100–400 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றும், நிலக்காட்சிக்கு ஒரு வைட் ஆங்கிள் லென்ஸும் போதும். இவற்றோடு ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியை நிரப்பிக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். தீவின் கிழக்குக் கரையோரமாக ஃபீல்டிங் கார் (Fielding Garr) என்ற பண்ணைக்குச் செல்லும் சாலையில் காலை வெயில் நேராக விழும். மந்தையைக் கண்டதும் நடுச்சாலையில் நிறுத்தாமல் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள்; அதன் அதிர்வே படத்தை மங்கச் செய்யும். கண்ணாடியை இறக்கி, கதவின் விளிம்பில் அரிசிப் பையை வைத்து, அதன் மேல் லென்ஸைக் கிடத்தினால் முக்காலிக்கு நிகரான உறுதி கிடைக்கும்.

காரை விட்டு இறங்கினால் இடைவெளி முக்கியம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பைசனிடமிருந்து குறைந்தது 23 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. நான் அதைப் போல் இருமடங்கு விலகியே நிற்பேன். 900 கிலோ வரை எடையுள்ள காளை, மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது. மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு தலையை உயர்த்தி உங்களையே பார்த்தால் படமெடுப்பதை நிறுத்திவிட்டு மெல்லப் பின்வாங்குங்கள். வால் மேலெழுந்து நிமிர்ந்துவிட்டால் அது எச்சரிக்கை. அதற்கு முன்பே நீங்கள் காருக்குள் இருந்திருக்க வேண்டும்.

படி 3: கருந்தோலுக்கு ஒளி அளத்தல்

தொடக்கநிலைப் படங்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுகின்றன. கேமரா தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் காட்டவே முயலும். பைசன் சட்டகத்தை நிறைத்து நிற்கும்போது அந்தக் கருமையை இருட்டு என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். தோல் வெளிறி, பின்னாலுள்ள மஞ்சள் புல் வெந்துபோகும். எனவே கேமரா கணிக்கும் ஒளியளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை −0.7 அளவுக்குக் குறைத்துவிடுங்கள். மாறாக, பளபளக்கும் ஏரியின் முன்னால் விலங்கு சிறிதாகத் தெரிந்தால், அதன் உரோமம் வெறுங்கருமையாகிவிடாமல் இருக்க ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். கோப்பை ரா (RAW) வடிவில், அதாவது கேமரா சுருக்காத மூலத்தரவாக, பதிவு செய்துகொண்டால் பின்னர் திருத்த இடமிருக்கும்.

கருங்கண் கருமுடிக்குள் புதைந்திருப்பதால் ஃபோகஸ் அடிக்கடி தாடியிலோ திமிலிலோ போய் நின்றுவிடும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணின் மேல் வைத்து, விலங்கு சூரியன் பக்கம் முகத்தைத் திருப்பும்வரை காத்திருங்கள். கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும் அந்த நொடியில்தான் அம்முகத்துக்கு உயிர் வருகிறது.

ஒருநாள் காலை, சாலையோரத்தில் புல்லற்ற வட்டமான பள்ளத்தில் ஒரு காளை முன்கால்களை மடக்கி இறங்கி, பக்கவாட்டில் புரண்டது. குளம்புகள் வானைப் பார்க்க, எழுந்த புழுதி எதிர்வெயிலில் பொன்னாகி நின்றது. இத்தகைய காட்சிக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் அளவை உயர்த்தத் தயங்க வேண்டாம்.

படி 4: விலங்கைச் சிறிதாக்குதல்

நெருக்கப் படங்கள் கிடைத்த பிறகு ஜூமை முழுவதும் பின்னுக்கு இழுங்கள். சேஜ் புதர்கள், ஏரி, அதற்கப்பால் மலைத்தொடர், நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு பைசன்: அது எந்த நிலத்தில் வாழ்கிறது என்பதை இந்தப் படமே சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த படங்கள் இவ்வகையே. வெயில் ஏறிவிட்டால் தொலைவிலுள்ளவை கானலில் நடுங்கத் தொடங்கும். விலையுயர்ந்த லென்ஸாலும் அதைத் தெளிவாக்க முடியாது. அப்போது கிளம்பிவிடலாம்.

படி 5: உப்பின் மேல் மாலை

சால்ட் லேக் சிட்டியிலிருந்து 80 ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 175 கி.மீ. சென்றால், பழங்கால பான்வில் ஏரி வற்றி விட்டுச்சென்ற உப்புவெளி வரும். ஓரங்களில் உப்புப்படலம் மெல்லியது, அடியில் சேறு. ஆகவே காரை நெடுஞ்சாலை ஓய்விடத்திலேயே விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள்.

இங்கே கேமரா எதிர்த்திசையில் ஏமாறும்: வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைத்து, உப்பை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை +1 வரை கூட்டி, படத்தின் இருள் முதல் வெண்மை வரையிலான பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் வெட்டுப்படவில்லை என்பதைச் சரிபாருங்கள். காய்ந்த காலத்தில் தரையெங்கும் பல்கோண வடிவ உப்புவரப்புகள் விரல் கனத்தில் எழுந்திருக்கும். முக்காலியை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, லென்ஸின் துவார அளவை எஃப்/11 இல் வைத்து, வைட் ஆங்கிள் லென்ஸால் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் உள்ள வரப்பில் ஃபோகஸ் செய்யுங்கள். சூரியன் சாயச் சாய ஒவ்வொரு வரப்புக்கும் நிழல் முளைக்கும். சூரியன் மறைந்ததும் புறப்பட்டுவிடாமல் இன்னும் இருபது நிமிடம் நில்லுங்கள். வானத்தின் நீலமும் இளஞ்சிவப்பும் உப்பில் இறங்குவது அப்போதுதான்.

அன்றிரவே முக்காலியின் கால்களை விரித்து நன்னீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். இணைப்புகளில் தங்கும் உப்பு உலோகத்தை அரித்துவிடும்.