காசிமேட்டில் எல்லாச் சபையாரையும் ஒரே கூடுகையில் உட்காரவைக்க

எடுத்த எடுப்பில் ஜெபக் கூட்டம் போடாதீர்கள். யார் பிரசங்கம், யார் ஆசீர்வாதம் என்பதிலேயே கலைந்துவிடும். முதலில் ஒரு வேலையைப் பிடியுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்து இரவு வெளியே படுத்துக்கிடப்பவர்களுக்கு இட்லியும் சுடுதண்ணீரும் கொண்டுபோவது எங்கள் வேலை. ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) கோயில்காரர்கள் அரிசி உளுந்து வாங்குவார்கள், எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பெண்கள் ஐக்கியத்தில் மாவு அரைப்போம், பெந்தெகொஸ்தே வாலிபர்கள் பைக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பொட்டலத்தோடு பிரசாரக் கைப்பிரதி கூடாது. சில மாதம் சேர்ந்து அண்டா கழுவியவர்களுக்குச் சேர்ந்து பாடுவது பெரிய விஷயமில்லை.

அப்புறம் தேதி. கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரம் ஜனவரி 18 முதல் 25 வரை. பொங்கல் முடிந்த கையோடு வருவதால் எங்கள் பக்கம் ஆள் சேராது. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறுதான் சரி. எந்த வருஷமும் அது மே 10-க்கும் ஜூன் 13-க்கும் நடுவில்தான் வரும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆண்கள் கரையில் இருப்பார்கள். கையில் காசுதான் இருக்காது, அதனால் காணிக்கைப் பை வேண்டவே வேண்டாம். காலையில் அவரவர் ஆராதனை. வெயில் தாழ்ந்து ஆறரைக்குக் கூடுகை. இடம் சமுதாயக் கூடம். எந்தக் கோயிலும் வேண்டாம், பீடத்தில் யார் ஏறுவது என்ற பேச்சு வரும்.

அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை இதில் சேர்க்காதீர்கள். மற்றச் சபையாரோடு சேர்ந்து அதை நடத்த ஆர்சி ஃபாதருக்கு அனுமதி கிடையாது. ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்ற வழக்கும் கூடவே கிளம்பும். பல சபைகள் இணைந்து சிஎஸ்ஐ உருவாகவே 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27 வரை இழுத்தது. அதிலும் கத்தோலிக்கர் இல்லை, லுத்தரன்காரர்கள் இல்லை. ஒரு சாயங்காலத்தில் நாம் தீர்க்கிற சங்கதியா இது? வேதவாசிப்பு, பாட்டு, பேட்டைக்கான மன்றாட்டு போதும். டிரம்ஸ் இருக்கட்டும், சவுண்ட் பாக்ஸ் மட்டும் வாசலைப் பார்க்க வேண்டாம்.

போதகர்கள் வெளியே சொல்லாத பயம் ஒன்று உண்டு: ஆடு திருட்டு, அதாவது ஒரு சபையின் ஆட்களை இன்னொரு சபை இழுத்துக்கொள்வது. அதனால் போன் நம்பர் வாங்கக் கூடாது என்று முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். “இந்தச் சபைக்கு வந்த பிறகுதான் ரட்சிக்கப்பட்டேன்” என்று யாராவது சாட்சியை ஆரம்பித்தால், கீபோர்டு தம்பி உடனே அடுத்த பாட்டை எடுத்துவிட வேண்டும். சொல்லிவைத்தால் செய்வான்.

நோட்டீஸில் ஊழியர்கள் பெயரைப் போடாதீர்கள், எந்தப் பெயர் மேலே என்று அச்சாபீஸிலேயே நின்றுவிடும். இடம், நேரம், பக்கத்து பஸ் ஸ்டாப் மட்டும் போடுங்கள்.