பழைய லாரியின் சைலன்சர் குழாய் ஓட்டைக்குத் தற்காலிக ஒட்டு

பழைய லாரியைப் பிரித்துப் போட்டுப் புதுசாக்குகிறவர்கள் சைலன்சர் குழாயைக் கடைசியில் வாங்குங்கள். டிங்கரிங் முடிந்து கேபின் உட்கார்ந்த பிறகுதான் குழாய் எந்த வழியாகப் போகும் என்றே தெரியும். அதுவரை கிருஷ்ணகிரிக்குள் ஷெட்டுக்கும் பட்டறைக்கும் போய்வர ஒட்டு போதும்.

கரி படிந்த இடத்தைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, குழாய் வாயை ஈரச் சாக்கால் ஓரிரு நொடி அடைக்கச் சொன்னால் கசிகிற இடம் சீறிக் காட்டிக்கொடுக்கும். அங்கே ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் குழாய் மக்கிவிட்டது, அதற்கு ஒட்டு நிற்காது. அந்தத் துண்டை அறுத்தெடுத்து, இரண்டு முனையும் நுழைகிற அளவில் ஒரு குழாயைக் கோத்து யூ கிளாம்ப் போடுவதுதான் வழி.

இரும்பு கெட்டியாக இருந்தால் வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, எக்ஸாஸ்ட் புட்டி (சைலன்சர் சூட்டைத் தாங்கும் பசை) அப்பி, மேலே எண்ணெய் டின் தகரத்தை ஒன்றரைச் சுற்று சுற்றுங்கள். தகரத்தின் இரண்டு ஓரமும் ஓட்டை மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கி, காய்ந்ததும் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு, ஆறிய பின் மறுபடி ஒரு முறுக்கு. சாதாரண எபாக்சி பசை வேண்டாம். லோடு இழுக்கும்போது மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறிக் குழாயில் சேரும் பாகம்) பக்கம் 500 டிகிரி செல்சியஸ் வரை போகும், அது கருகி உதிர்ந்துவிடும். மேனிஃபோல்டு பேக்கிங்கே போயிருந்தால் புட்டியில் காசு கரைக்காமல் பேக்கிங்கை மாற்றுங்கள்.

எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை வால்வால் அடைத்து வேகத்தைக் குறைப்பது) உள்ள வண்டியில் அதன் வால்வுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒட்டு போட்டிருந்தால், பிரேக் அமுக்கியதும் ஏறுகிற அழுத்தம் அதைப் பிய்த்தெறியும். அந்த நிலையில் தொப்பூர் கணவாய் இறங்க நினைக்கவே வேண்டாம், வெறும் வண்டியாக இருந்தாலும்.

இன்னொன்று, வேலை நடக்கும் கேபினில் தரையெங்கும் துளைகள் திறந்தே இருக்கும். கசிவு அதற்குக் கீழே என்றால் புகை உள்ளேதான் வரும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. துளைகளை அடைத்துவிட்டு, கண்ணாடியையும் இறக்கி ஓட்டுங்கள். ஷெட் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதீர்கள்.

அப்புறம் வெல்டிங் போகும் நாளில் தகரம், புட்டி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் போங்கள், புட்டி மேல் வெல்டிங் பிடிக்காது. பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள்.